அரை ஊசிச் சாமியார்

2008ஆம் ஆண்டில் திருப்பூருக்கு வந்தவர்கள் பனியன் வாங்க வந்தார்கள், அல்லது பாதம் காட்ட வந்தார்கள். பனியனுக்குக் காதர்பேட்டை. பாதத்துக்கு மங்கலம் சாலை. கூட்டம் எங்கே அதிகம் என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், மங்கலம் சாலையில்தான்.

தறி ஓடாமல் மூடிக் கிடந்த ஒரு விசைத்தறிக் கொட்டகை. அதற்கு முன்னால் ஓலைப்பந்தல். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பந்தலுக்குக் கீழே முந்நூறு பேர் வலது செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வலது காலை நீட்டியபடி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பல்லடத்துத் தனியார் பஸ்கள் நிறுத்தமே இல்லாத அந்த இடத்தில் நின்று, "பாதமெல்லாம் எறங்குங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்த பிறகுதான் கிளம்பும். வாசலில் ஒரு பிளக்ஸ் பேனர். அதில் சாமியாரின் முகம் தீப்பெட்டி அளவு. ஒரு பாதத்தின் படம் கதவு அளவு. பாதத்தின் நடுவிலிருந்து மின்னல் கிளம்பிக்கொண்டிருந்தது. அது யாருடைய பாதம் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்தால் அங்கே ஏன் வந்து உட்காரப்போகிறார்கள்?

பேனரில் இருந்த பெயர் பாதசித்தர் நல்லானந்த சுவாமிகள். பெற்றவர்கள் வைத்தது நல்லான். கொட்டகையை வாடகைக்குப் பிடித்த பிறகு ஆனந்தம் வந்து சேர்ந்தது. மக்கள் செல்லமாக ஊசிச் சாமியார் என்றார்கள்.

திருப்பூரில் பாதங்களுக்குப் பஞ்சம் கிடையாது. காலை எட்டரை மணிக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை மணி வரை வெறுங்காலால் இரும்புப் பெடலை மிதிக்கிற ஊர் இது. ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் இரும்பு அழுத்தினால் அந்த இடத்துத் தோல் என்ன செய்யும்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மேல்தோலை அடுக்கடுக்காகத் தடிமனாக்கும். மஞ்சளாக, கெட்டியாக, தேங்காய் ஓடு மாதிரி ஆகும். நடுவில் ஒரு முளை உள்நோக்கி இறங்கி, காலை ஊன்றும்போதெல்லாம் உயிர் போகும். சிலர் கால் ஆணி என்பார்கள், சிலர் காய்ப்பு என்பார்கள். தோல் டாக்டர் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடுகிற சங்கதிக்கு யார் பந்தல் போடுவார்கள்?

சாமியாரின் விளக்கம் வேறு. உங்கள்மேல் பொறாமைப்பட்ட ஒருவர் ஊசியில் மந்திரம் ஏற்றிக் காற்றில் அனுப்புகிறார். அது பறந்து வந்து பாதத்தில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் ஊசியை மறைக்கத்தான் தோல் தடிக்கிறது. ஊசியை எடுத்தால் தோல் இளகும். கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். பெடலும் இல்லை, பன்னிரண்டு மணி நேரமும் இல்லை. எல்லாம் பக்கத்து வீட்டுக்காரி செய்த வேலை.

வைத்தியமும் கண்ணுக்கு விருந்துதான். முதலில் பாதத்தை அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைப்பார். ஊறிய தோலைச் சின்னக் கத்தியால் மெல்லச் சீவுவார். முந்நூறு பாதத்துக்கும் அதே கத்திதான், சாமியாருக்கு வேற்றுமை பார்க்கத் தெரியாது. பிறகு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பிடித்த எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றைக் காய்ப்பின்மேல் வைத்துச் சிவப்புத் துணியால் கட்டுவார். இந்துவென்றால் திருநீறு, கிறிஸ்தவர் என்றால் எண்ணெய். மந்திரம் முடிந்ததும் கட்டை அவிழ்த்து உருண்டையைப் பிட்டால், உள்ளே பளபளவென்று ஒரு ஊசித்துண்டு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

தடித்த தோலை ஊறவைத்துச் சீவினால், யார் சீவினாலும் வலி குறையும். அந்தப் பெருமை கத்திக்குப் போயிருக்க வேண்டும், ஊசிக்குப் போனது. மூன்று வாரத்தில் மறுபடி பெடல், மறுபடி காய்ப்பு. திரும்பி வந்தால் சாமியார் வருத்தத்தோடு தலையை ஆட்டுவார். அனுப்பியவள் மறுபடி அனுப்பிவிட்டாள் என்பார். வைத்தியம் பலித்தாலும் அவருக்கு வெற்றி, பலிக்காவிட்டாலும் அவருக்கு வெற்றி. இப்படியொரு வியாபாரம் காதர்பேட்டையில்கூடக் கிடையாது. அங்கே சாயம் போன பனியனைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சண்டையாவது போடலாம்.

அனுப்பியவர் யார் என்பதையும் சாமியார் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதற்கு முன் டோக்கன் கொடுக்கும் மருதாள் என்ற அம்மாள் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கம்பெனி, பக்கத்து மிஷினில் யார், யாரோடு மனத்தாங்கல் என்று ஆதரவாகப் பேசிக்கொண்டிருப்பாள். அதெல்லாம் மனிதாபிமானம்.

அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நஞ்சப்பனின் பனியன் கம்பெனி. வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கு உடுப்புத் தைக்கிற கம்பெனி. குழந்தை உடுப்பு என்பதால் பையர், அதாவது வாங்குகிற வெளிநாட்டுக்காரர், போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஊசி கொடுக்கிற இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கே துண்டுகளைச் சேர்த்து வைத்து, முழு ஊசியாக ஆகிறதா என்று பார்த்து, டேப் போட்டு நோட்டில் ஒட்டுவார்கள். ஒரு கடுகளவு குறைந்தாலும் தையல் லைன் நிற்கும், காந்தத்தை வைத்துத் தரையைக் கூட்டுவார்கள். கடைசியில் ஒவ்வொரு பீஸும் ஊசி கண்டுபிடிக்கும் மிஷினின் பெல்ட்டில் ஏறி உள்ளே போய் வெளியே வரும். உள்ளே இரும்பு இருந்தால் மிஷின் கத்தும்.

ஊசி கொடுக்கும் மேசையில் இருந்தவள் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஒன்பது வருஷம். கணவன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற மகள் நதியா மட்டும்தான். துண்டு ஊசி யார் கொண்டுவந்தாலும் ஒச்சம்மாள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மீதி எங்க?" முதலாளியே கொண்டுவந்தாலும் கேட்பாள்.

அவளுக்குக் கம்பெனியில் நெருக்கமானவள் செல்லாத்தாள். பிளாட்லாக் மிஷினில் தைக்கிற டெய்லர், உள்ளூர்க்காரி. ஆறு வருஷமாக இருவரும் ஒரே டிபன் பாக்ஸ் மூடியில் சாப்பிட்டவர்கள். செல்லாத்தாளின் வலது பாதத்தில் காய்ப்பு முற்றியபோது அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனதே ஒச்சம்மாள்தான். டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, செருப்புப் போட்டு மிதிக்கச் சொன்னார், பெடலுக்கு ரப்பர் ஒட்டச் சொன்னார். இரண்டு பேரும் போய் நஞ்சப்பனிடம் கேட்டார்கள். வெள்ளைத் துணி ஓடுகிற இடத்தில் செருப்பா என்று அவர் பதறிப்போனார். ரப்பருக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். பெடலுக்கு மெத்தை போட்டால் ப்ரொடக்சன் தூங்கிவிடுமாம்.

களிம்பைத் தடவிக்கொண்டு இரும்பை மிதித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. செல்லாத்தாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒச்சம்மாளிடம் சொல்லாமல், மங்கலம் சாலைக்குப் போனாள்.

மருதாள் ஆதரவாகப் பேசினாள். சாமியார் ஊறவைத்தார், சீவினார், கட்டினார், அவிழ்த்தார். ஊசியின் முனைத்துண்டு ஒன்று வந்தது. அனுப்பியவள் யார் என்று கேட்டாள் செல்லாத்தாள். சாமியார் கண்ணை மூடினார். தெற்கேயிருந்து வந்தவள், ஊசியைக் கையால் கொடுக்கிறவள், உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்றார். ஊரில் பாதிப் பேர் தெற்கேயிருந்து வந்தவர்கள், எல்லோர் கையிலும் ஊசி, எல்லோரும் யாரோடாவது உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். தவறவே முடியாத தீர்க்கதரிசனம்.

திங்கட்கிழமை காலை செல்லாத்தாள் நேராக ஊசி மேசைக்கு வந்து அந்தத் துண்டை வீசினாள்.

"இந்தா, உன்ற ஊசி. என்ற கால்ல வெச்சியே, எடுத்தாச்சு. பத்தரமா ஒட்டி வெச்சுக்க."

ஒச்சம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சண்டை போட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவள் செய்தது வேறு. துண்டை எடுத்து டேப் போட்டு நோட்டில் ஒட்டி, தேதி போட்டு, செல்லாத்தாள் பாதம் என்று எழுதினாள். பிறகு வழக்கம்போல் கேட்டாள். "மீதி எங்க?" செல்லாத்தாள் காறித் துப்பாத குறையாகத் திரும்பிப் போனாள்.

மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் ஒச்சம்மாள் கையிலிருந்து ஊசி வாங்க மறுத்தார்கள். மேசையில் வை, நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒருத்தி எடுத்த ஊசியை வேப்பிலையால் துடைத்தாள். குடிதண்ணீர்க் குழாயில் ஒச்சம்மாள் தொட்ட டம்ளரைத் தனியாகக் கவிழ்த்தார்கள். இந்தப் பெயரோடு இங்கிருந்து வெளியே போனால் வேறு எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது என்பது அவளுக்குத் தெரியும். திருப்பூரில் ஆர்டர் பரவுவதைவிட வேகமாக அவதூறு பரவும். நதியாவின் பள்ளிக்கூட வாசல் வரை அது போக எத்தனை நாளாகும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஜெபக்குமார் வந்தான். ஓவர்லாக் டெய்லர், தெற்கத்திக் கிறிஸ்தவப் பையன். அவனும் சாமியாரிடம் போய், எண்ணெய் தடவிய பாதத்தோடு வந்திருந்தான். ஒச்சம்மாளைத் திட்ட அவனுக்கு மனம் வரவில்லை. துண்டை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, அவரு எடுத்தது இது. லைன்ல எல்லாரும் கொடுக்கச் சொன்னாவ, கொடுக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அது ஊசியின் அடித்துண்டு. ஒச்சம்மாள் நோட்டைத் திறந்தாள். பழக்கத்தில் கை தானாகப் போனது. முந்தின வாரத்து முனைத்துண்டின் பக்கத்தில் இதை வைத்தாள். உடைந்த வாய் இரண்டும் அச்சாகப் பொருந்தின. முழு ஊசி. பாதி செல்லாத்தாள் பாதத்தில், பாதி ஜெபக்குமார் பாதத்தில்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நோட்டைத் தூக்கிக்கொண்டு நஞ்சப்பன் அறைக்கு ஓடினாள். ஒரே ஊசியை உடைத்து இரண்டு பேருக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார் அந்த ஆள், நீங்களே பாருங்கள் என்று பொருத்திக் காட்டினாள். நஞ்சப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சூப்பர்வைசர்கள் பார்த்தார்கள். வாசலில் எட்டிப்பார்த்த பத்துப் பேர் பார்த்தார்கள். எல்லோர் முகமும் வெளுத்தது.

"ஒரே ஊசிய ஒடைச்சு ரெண்டு பேருக்கு அனுப்பியிருக்கறா பாருங்க" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி.

முடிந்தது. நிரபராதி என்று காட்டக் கொண்டுவந்த சாட்சி அவளையே கட்டிப்போட்டது. இதுதான் நம்பிக்கையின் அருமை. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது தின்றுவிடும்.

நஞ்சப்பன் மற்றவர்களை அனுப்பிவிட்டு மெதுவாகப் பேசினார். "பாரும்மா ஒச்சம்மா, எனக்கு உன்மேல ஒரு கோவமும் இல்ல. ஆனா லைன் நிக்குது. ஆளாளுக்கு லீவு போட்டுட்டு மங்கலம் ரோட்டுல போயி உக்காந்துக்கறாங்க. ஷிப்மெண்ட்டு தேதி நிக்குமா? அதான் வெள்ளிக்கெழம சாமிய இங்கயே வரச் சொல்லிப்போட்டேன். எல்லாத்துக்கும் எடுத்து உட்ருவாரு. நீயும் அவரு முன்னால சத்தியம் பண்ணிப்போட்டு, மருவாதியா கணக்க முடிச்சுட்டுக் கெளம்பிக்க."

அறுபது பெடலுக்கு ரப்பர் ஒட்டுவதைவிட ஒரு ஒச்சம்மாளை அனுப்புவது சுலபம். நஞ்சப்பன் மூட நம்பிக்கைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு எது மலிவு என்று நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாமியார் முதலாளியின் காரிலேயே வந்திறங்கினார். ஊசி கண்டுபிடிக்கும் மிஷின் இருக்கிற செக்கிங் ஹாலில் மேசைகளை ஒதுக்கி, வெள்ளைத் துணி விரித்து, பாதம் காட்டப் பதினொரு பேரை உட்காரவைத்திருந்தார்கள். முதல் ஆள் செல்லாத்தாள். மூன்று வாரம் ஆகுமுன்பே அவளுக்குக் காய்ப்பு திரும்ப வந்திருந்தது. சாமியார் கையில் பித்தளைத் தாம்பாளம், அதில் பதினொரு மஞ்சள் உருண்டைகள், மேலே சிவப்புத் துணி. நடு ஹாலில் வெறுங்காலோடு நின்ற ஒச்சம்மாளைப் பார்த்ததும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பாவத்தைப் பார்த்தால் பெரியவர்களுக்கு அப்படித்தான் வரும்.

மந்திரம் தொடங்குமுன் ஒச்சம்மாள் முதலாளியைப் பார்த்துக் கேட்டாள்.

"மொதலாளி, நம்ம கம்பெனியில ஊசி இருக்கா இல்லையான்னு யாரு சொல்றது?"

"மிஷின்" என்றார் நஞ்சப்பன், யோசிக்காமல்.

"அது சொன்னாத் தப்பாகுமா?"

நஞ்சப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜப்பான் மிஷின், தப்பே ஆகாது, பையரே வந்து பார்த்துக் கையைக் குலுக்கிவிட்டுப் போனார் என்றார்.

"அப்ப சாமி எடுக்கறதுக்கு முன்னாடி, இந்தப் பதினோரு காலையும் மிஷின் பாக்கட்டும். ஒரு கால்ல ஊசி இருக்குன்னு கத்துச்சுன்னா, யாரும் சொல்ல வேணாம், நானே இந்த நிமிசம் போயிர்றேன்."

இவ்வளவு பெருமை பேசிய பிறகு முதலாளி எப்படி மறுப்பார்? மிஷின் ஆபரேட்டர் அனுசுயா வந்தாள். வேலை தொடங்குமுன் தினமும் செய்கிறபடி, சின்ன இரும்புத் துளி பதித்த சோதனை அட்டையை முதலில் பெல்ட்டில் விட்டாள். மிஷின் கத்தியது. ஆக, மிஷின் விழித்திருக்கிறது. பெரிய மிஷின் கத்தினால் துணியில் எந்த இடம் என்று தேட, கைக்கு அடக்கமான கருவி ஒன்றும் உண்டு. அதையும் அட்டையின்மேல் காட்டிக் கத்தவைத்துவிட்டு, செல்லாத்தாளின் பாதத்துக்குக் கொண்டுபோனாள். தடித்த தோலின்மேல் வைத்தாள், சுற்றினாள், அழுத்தினாள். சத்தம் இல்லை. வெள்ளிக் கொலுசுக்கும் மெட்டிக்கும்கூடக் கத்தவில்லை, அதற்கு இரும்பு மட்டும்தான் வேண்டும். பதினொரு பாதங்கள். பதினொன்றும் மௌனம்.

எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். பத்து வருஷ அனுபவம் சும்மாவா?

"அம்மிணி, இது செய்வினை ஊசி. மிஷினுக்குக் காத்தாத்தான் தெரியும். மந்திரம் சொன்னாத்தான் அது இரும்பா எறங்கும்" என்றார்.

அதானே என்றது கூட்டம். இதைக்கூட யோசிக்காமல் போனோமே என்று தலையில் தட்டிக்கொண்டார்கள். ஜப்பான்காரனுக்கு மந்திரம் தெரியாதது அவன் குற்றம்.

ஒச்சம்மாள் தலையாட்டினாள். "சரிங்க சாமி. அப்ப ஊசி இன்னும் வரலை, காத்தாத்தான் இருக்கு. தட்டுல இருக்கறது என்னதுங்க?"

"மஞ்சள், வேப்பிலை."

"வேற ஒண்ணும் இல்லீங்களே?"

பதினொரு பாதமும் இருநூறு கண்ணும் சாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

"அப்ப அதுல ஒண்ண பெல்ட்டுல வையுங்க. வெறும் மஞ்சள் உள்ள போயிட்டு வந்தா என்ன கெட்டுறப் போகுது?"

சாமியாரின் கை தாம்பாளத்தை மார்போடு அணைத்தது. பூஜை செய்த பொருள், வேறு கை பட்டால் ரத்தம் கக்கவேண்டும், மிஷினும் வெடிக்கும் என்றார். வெடிக்கும் என்றதும் நஞ்சப்பன் முகம் மாறியது. ரத்தத்துக்கு மாறவில்லை. சாமி சொல்கிறார், வேண்டாம், விட்டுவிடு என்று ஒச்சம்மாளை அதட்டினார். கூட்டம் பின்வாங்கியது. அவள் தனியாக நின்றாள். அவ்வளவு பேரில் ஒருவர்கூடப் பக்கத்தில் வரவில்லை.

அப்போது செல்லாத்தாள் எழுந்தாள். வலது காலைக் குதிகாலில் ஊன்றி நொண்டி நொண்டி வந்து தாம்பாளத்துக்கு எதிரில் நின்றாள்.

"சாமி, இதுல மொத உருண்ட என்ற காலுக்குச் செஞ்சதுதானுங்களே? அப்ப அது என்றதுங்க. ரத்தம் கக்குனா நானே கக்கிக்கறேன்."

அவர் தடுப்பதற்குள் துணியை விலக்கி ஒரு உருண்டையை எடுத்துப் பெல்ட்டில் வைத்துவிட்டாள். ஆறு வருஷத்துச் சிநேகிதமா, வெறும் சந்தேகமா, அவளே பிற்பாடு சரியாகச் சொல்லவில்லை. அனுசுயா பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் உருண்டை மெதுவாக மிஷினுக்குள் போனது.

மிஷின் கத்தியது. பெல்ட் நின்றது, பின்னோக்கி ஓடி உருண்டையைத் திருப்பித் தள்ளியது. கெட்டுப்போன பனியனை எப்படித் தள்ளுமோ அப்படி.

நஞ்சப்பன் தானே அதைப் பிட்டார். உள்ளே அரை ஊசி. மந்திரம் சொல்லவில்லை, பாதம் தொடவில்லை, ஊசி மட்டும் தயாராகப் படுத்திருந்தது. அதற்குப் பிறகு தாம்பாளத்தை யாரும் கெஞ்சி வாங்கவில்லை. ஜெபக்குமார் பிடுங்கிக்கொண்டு வந்து கொட்டினான். ஒவ்வொன்றாக விட்டார்கள். பதினொரு முறையும் மிஷின் கத்தியது. யாரும் ரத்தம் கக்கவில்லை.

ஒச்சம்மாள் நோட்டையும் டேப்பையும் எடுத்து வந்தாள். பதினொரு துண்டுகளையும் மேசையில் பரப்பி, முனையையும் அடியையும் சேர்த்துச் சேர்த்து வைத்தாள். பத்துத் துண்டு ஐந்து முழு ஊசியானது. ஒரு அடித்துண்டு மட்டும் ஜோடியில்லாமல் நின்றது. அவள் நிமிர்ந்து சாமியாரைப் பார்த்தாள்.

"மீதி எங்க?"

நல்லானந்த சுவாமிகள் இடுப்பு மடிப்பை அவிழ்த்து, காகிதத்தில் சுற்றியிருந்த முனைத்துண்டை எடுத்துக் கொடுத்தார். பொருந்தியது.

ஏன் அரை அரையாக உடைத்தாய் என்று யாரோ கேட்டார்கள். அதற்குள் ஆனந்தம் கழன்று வெறும் நல்லான் ஆகிவிட்டிருந்தார். "முழுசா வெச்சா உருண்டைக்கு வெளிய நீட்டிக்குதுங்க" என்றார். அந்த ஹாலில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

பிறகு வந்தது பாருங்கள் வீரம். அரைமணி நேரம் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்ட கைகளெல்லாம் அவரை அடிக்க ஓங்கின. எனக்கு அப்போதே தெரியும் என்றாள், ஊசியை வேப்பிலையால் துடைத்தவள். முதல் நாளே சந்தேகப்பட்டேன் என்றார் நஞ்சப்பன், காரை அனுப்பிக் கூட்டிவந்தவர். ஒரு ஹாலில் இவ்வளவு அறிவாளிகள் இருந்தும் ஒருவர்கூட வாயைத் திறக்காதது ஆச்சரியம்தான்.

அடி விழுமுன் ஒச்சம்மாள் குறுக்கே நின்றாள். "அவரை அடிச்சு என்னத்துக்கு? போலீசுக்குச் சொல்லுங்க, அது போதும். அவரா உங்க வீட்டுக்கு வந்து காலைப் புடிச்சாரு? நீங்க பஸ் ஏறிப் போயி நீட்டுனீங்க."

போலீஸ் வந்தது, கூட்டிப்போனது. கொட்டகைப் பேனரைக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் கூரைக்கு எடுத்துப் போனார். மருதாள் வேறு ஊரில், வயிற்றிலிருந்து நூல் எடுக்கும் ஒருவருக்கு டோக்கன் கொடுப்பதாகக் கேள்வி. அவளுடைய மனிதாபிமானத்துக்கு எங்கும் வேலை உண்டு.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு செல்லாத்தாள் ஊசி மேசைக்கு வந்து நின்றாள். மன்னித்துவிடுங்கள் அக்கா என்று அழுதாள். ஒச்சம்மாள் உடனே கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வலித்தது, வலித்ததை மறைக்கவும் இல்லை.

"அவன் கூலிக்குப் பொய் சொன்னவன், அவனை மறந்துருவேன். நீ ஆறு வருசமா என் கையால ஊசி வாங்குனவ. வந்து, ஏக்கா இப்புடிச் சொல்றாங்களே, நெசமான்னு ஒரு வார்த்த கேட்டுருந்தா என்ன? நான் ஊசி ஒடஞ்சாக் கேக்குறேன். நீ மனுசி ஒடஞ்சும் கேக்கல."

இருவரும் மறுபடி ஒரே மூடியில் சாப்பிட மாசக்கணக்கில் ஆனது.

திங்கட்கிழமை நஞ்சப்பன் ஒச்சம்மாளைக் கூப்பிட்டு, பழையதெல்லாம் மறந்து வேலையைப் பார் என்று பெருந்தன்மையோடு சொன்னார். அவள் பெடலுக்கு ரப்பர் ஒட்டினால்தான் மறதி வரும் என்றாள். ஹாலுக்குள் மட்டும் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு ரப்பர் செருப்பும் கேட்டாள். அறுபது டெய்லர்களும் அவள் பின்னால் நின்றதால் முதலாளிக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டே மாதம். களிம்பு, வெந்நீர், ரப்பர். பாதங்கள் இளகின. ப்ரொடக்சன் தூங்கிப்போகவில்லை, கூடியது.

அந்தக் கம்பெனியிலிருந்து இன்றைக்கும் உடுப்புகள் போகின்றன. கடல் தாண்டி எங்கோ இருக்கிற, பெயர்கூடத் தெரியாத ஒரு குழந்தையின் தோலில் ஊசிமுனை பட்டுவிடக் கூடாதென்று ஒரு பனியனை ஊசி நோட்டில் பார்க்கிறோம், செக்கிங்கில் பார்க்கிறோம், மிஷினில் விட்டுப் பார்க்கிறோம். கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட ஒருத்தியைச் சூனியக்காரி என்று எவனோ சொன்னால் மட்டும், அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்கிறோம். அதையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள் அய்யா. அந்தச் சோதனைக்கு ஜப்பான் மிஷின் வேண்டாம், மின்வெட்டு நேரத்தில்கூடச் செய்யலாம்.